ஆட்டுக்குத் தட்டணு 28 லட்சம், நாய்க்கு 38 ஆயிரம்: இந்த ரத்த அறிக்கையை நம்பலாமா?

கரிசல்காடு | டிசம்பர் 4, காலை 6.40

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்குத் தெற்கே மானாவாரி நிலம். கன்னி ஆடு 26 வைத்திருந்தேன், இப்போது 25. காவலுக்கு ஒரு சிப்பிப்பாறை நாய், பெயர் மணி.

ஐப்பசி மழை ஓய்ந்ததிலிருந்து ஆடுகள் ஒவ்வொன்றாகச் சோர்ந்துவருகின்றன. மூன்றுக்குத் தாடைக்கடியில் நீர் கோத்துப் பை போலத் தொங்குகிறது. காலையில் வடிந்திருக்கிறது, மேய்ந்துவிட்டுத் திரும்பும்போது மறுபடி தொங்குகிறது. கழிச்சல் இல்லை, காய்ச்சலும் தெரியவில்லை. போன வாரம் ஒரு சினை ஆடு செத்துவிட்டது.

மணிக்கு வேறு கதை. நான்கு நாளாகச் சோறு தொடவில்லை. ஈறு வெளுத்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது.

கால்நடை மருத்துவர் விடுப்பில் இருந்ததால், டவுனில் மனிதர்களுக்கான ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் மச்சானிடம் இரண்டு ரத்தத்தையும் கொடுத்தேன். ஆட்டின் அறிக்கையில் "செல்வி கன்னி, வயது 3, பெண்" என்று போட்டிருக்கிறார்கள். அது கிடக்கட்டும். எண்கள் இவை:

ஆடு: ஹீமோகுளோபின் 4.6, சிவப்பணு 7 லட்சம், தட்டணு (ரத்தம் உறைய உதவும் அணு) 28 லட்சம், லிம்போசைட் (ஒரு வகை வெள்ளணு) 61 சதவீதம். எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி.
நாய்: ஹீமோகுளோபின் 6.9, தட்டணு 38 ஆயிரம்.

"ஆட்டுக்கு ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம்" என்கிறான் மச்சான். இரவெல்லாம் தூக்கமில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உண்ணிப்பகை | டிசம்பர் 4, காலை 7.15

நாய்க்கு வந்திருப்பது உண்ணிக் காய்ச்சல் தம்பி, சந்தேகமே வேண்டாம். தட்டணு 38 ஆயிரம் என்றாலே உண்ணி பரப்பும் எர்லிக்கியாக் கிருமிதான். டாக்சிசைக்ளின் 28 நாள் கொடுங்கள், எழுந்து ஓடும். பதினைந்து வருடமாக நாய் வளர்க்கிறேன், இதற்கெல்லாம் சோதனைக்குக் காசு செலவழித்ததில்லை.

மேய்ச்சல் | டிசம்பர் 4, காலை 8.02

ஆட்டுக்குப் புற்றுநோயா! உங்கள் மச்சானை ஒரு நாள் பட்டியில் கட்டிப்போடுங்கள். அண்ணா, செத்த ஆட்டின் நான்காம் இரைப்பையைத் திறந்து பார்த்தீர்களா? தாடை தொங்கினால் நாங்கள் முதலில் செய்வது அதைத்தான். சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூல் போலப் புழு நெளியும்.

கரிசல்காடு | டிசம்பர் 4, காலை 8.20

புதைத்துவிட்டேன் தம்பி. பார்க்கத் தோன்றவில்லை.

பழைய நுண்ணோக்கி | டிசம்பர் 4, முற்பகல் 11.30

கால்நடை நோய்ப் புலனாய்வு ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் ஸ்லைடு பார்த்துக் கண் தேய்ந்தவன் நான். ஓய்வு பெற்றுவிட்டேன், கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஆட்டுக்குத் தட்டணு 28 லட்சம் இல்லை. இயந்திரம் தட்டணு என்று எண்ணியவற்றில் பெரும்பகுதி சிவப்பணுக்கள். வீட்டு விலங்குகளிலேயே மிகச் சிறிய சிவப்பணு வெள்ளாட்டுக்குத்தான். நம் சிவப்பணுவின் கன அளவு 80 முதல் 100 ஃபெம்டோலிட்டர். நாய்க்கு 60 முதல் 77. வெள்ளாட்டுக்கு வெறும் 16 முதல் 25. மனித ரத்தத்துக்கு அமைத்த எண்ணும் கருவி, ஏறத்தாழ 30, 35க்குக் கீழே வரும் துகளையெல்லாம் தட்டணுக் கணக்கில் தள்ளிவிடும். அதனால்தான் சிவப்பணு 7 லட்சமாகச் சுருங்கி, தட்டணு 28 லட்சமாக வீங்கியிருக்கிறது. நல்ல ஆட்டின் சிவப்பணு கன மில்லிமீட்டருக்கு 80 லட்சத்திலிருந்து ஒரு கோடியே 80 லட்சம் வரை இருக்கும். உருவில் சிறியது, எண்ணிக்கையில் அதிகம். குறுணை அரிசியை மரக்காலில் அளந்த மாதிரி.

லிம்போசைட் 61 சதவீதம் என்பதும் மனிதனுக்கும் நாய்க்கும்தான் கோளாறு. அசைபோடும் விலங்குகளுக்கு லிம்போசைட் முன்னால் நிற்பது இயல்பு. ஆக, புற்றுநோய்க் கதையை மச்சானிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

அந்தத் தாளில் நம்பத் தகுந்த ஒரே எண் ஹீமோகுளோபின். அதை அளக்கும்போது அணுக்களை உடைத்து நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். அணு சிறியதா பெரியதா என்பது அங்கே பெரிதாகக் குறுக்கிடாது. வெள்ளாட்டுக்கு 8 முதல் 12 கிராம் இருக்க வேண்டும், உங்களுடையதற்கு 4.6. தோராயமாக மூன்றால் பெருக்கினால் பி.சி.வி., அதாவது ரத்தத்தில் சிவப்பணு அடைத்திருக்கும் பங்கு, 14 சதவீதம். இயல்பு 22 முதல் 38. இதுதான் ஆபத்து. ரத்தம் எங்கோ போய்க்கொண்டிருக்கிறது.

நாயின் எண்கள் வேறு. அதன் சிவப்பணு நம்முடையதைவிடக் கொஞ்சம்தான் சிறியது, மனிதக் கருவி ஓரளவு சரியாகவே எண்ணும். ஆனால் ரத்தம் எடுக்கும்போது தட்டணுக்கள் ஒட்டித் திரண்டுவிட்டால் கருவி குறைத்துக் காட்டும். ஆட்டில் பொய்யாகக் கூடியது, நாயில் பொய்யாகக் குறைந்திருக்கவும் கூடும். ஸ்லைடு பார்க்காமல் எதுவும் சொல்ல மாட்டேன். உண்ணிப்பகை அய்யா இவ்வளவு உறுதியாகப் பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

உண்ணிப்பகை | டிசம்பர் 4, நண்பகல் 12.10

அய்யாவுக்கு ஸ்லைடு மேல் காதல். ஸ்லைடில் எர்லிக்கியா எத்தனை முறை கண்ணில் படும், சொல்லுங்கள்? பத்து நாயில் ஒன்றில் பட்டால் அதிர்ஷ்டம். அதற்காக நாய் சாகும்வரை காத்திருப்பதா? கிரேஹவுண்டு போன்ற வேட்டை நாய்களுக்குத் தட்டணு இயல்பிலேயே குறைவு என்றும் சொல்கிறார்களே, சிப்பிப்பாறையும் அதே உடல்வாகுதானே?

பழைய நுண்ணோக்கி | டிசம்பர் 4, நண்பகல் 12.45

முதல் பாதி நியாயம். எர்லிக்கியா, மோனோசைட் என்ற வெள்ளணுவுக்குள் முசுக்கட்டைப் பழம் போலக் கொத்தாக இருக்கும், பெரும்பாலும் கண்ணில் படாது. அதை மறுக்கவில்லை. ஆனால் ஸ்லைடில் எர்லிக்கியாவை மட்டுமா தேடுகிறோம்? கிரேஹவுண்டு விஷயமும் உண்மைதான். ஆனால் அதற்குப் பி.சி.வி. மற்ற நாய்களைவிடக் கூடுதலாக இருக்கும், 50க்கு மேல்கூடப் போகும். மணியின் ஹீமோகுளோபின் 6.9. இயல்பு 12 முதல் 18. 38 ஆயிரத்தை உடல்வாகு என்று தள்ள முடியாது.

கடுங்காப்பிச் சிறுநீர்தான் என்னை உறுத்துகிறது. சிவப்பணு உள்ளேயே உடைகிறது என்று தோன்றுகிறது.

வேப்பேரி மாணவி | டிசம்பர் 4, மாலை 5.30

சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியில் முதுநிலை படிக்கிறேன். அய்யா சொன்னதை வழிமொழிகிறேன். கரிசல்காடு அண்ணா, நாளை மருத்துவரிடம் போகும்போது மணியின் காது நுனியிலிருந்து ஒரு சொட்டு ரத்தத்தில் பூச்சு எடுக்கச் சொல்லுங்கள். காலில் பெரிய நாளத்திலிருந்து எடுப்பதைவிட, காது நுனியின் நுண்குழாய் ரத்தத்தில் ஒட்டுண்ணி ஏறிய சிவப்பணு சிக்க வாய்ப்பு அதிகம். அதுவரை டாக்சிசைக்ளின் தொடங்கலாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.

ஆட்டுக்கு: புழுக்கையை ஒரு தாளில் பொட்டலமாகக் கட்டி எடுத்துப் போங்கள். தரையிலிருந்து பொறுக்காதீர்கள், ஆசனவாயிலிருந்து நேரடியாக எடுத்தால்தான் எந்த ஆட்டுடையது என்று தெரியும்.

மேய்ச்சல் | டிசம்பர் 4, இரவு 8.15

ரத்தமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், கண்ணைப் பாருங்கள் அண்ணா. எங்கள் தாத்தா கீழிமையை இழுத்துப் பார்த்தே "இது தேறாது" என்று சந்தைக்கு ஓட்டிவிடுவார். வாங்கியவன் பாடு திண்டாட்டம்.

பழைய நுண்ணோக்கி | டிசம்பர் 4, இரவு 9.00

உங்கள் தாத்தா செய்ததைத்தான் தென்னாப்பிரிக்காவில் அட்டை போட்டு உலகத்துக்குக் கொடுத்தார்கள். ஃபாஃபா மாலன் என்ற கால்நடை மருத்துவரின் பெயரிலிருந்து அதற்கு ஃபமாச்சா என்று பெயர். இமையின் உள்நிறம் ஐந்து படிகள். ஒன்று நல்ல சிவப்பு, பி.சி.வி. 28க்கு மேல். மூன்றில் 18 முதல் 22. ஐந்து என்றால் வெள்ளைத்தாள், 12 அல்லது அதற்கும் கீழே. செம்மறிக்காக உருவானது, வெள்ளாட்டுக்கும் பயன்படுத்துகிறார்கள். ஆனால் வெள்ளாட்டில் மூன்றாம் படியிலேயே மருந்து கொடுத்துவிடுவது நல்லது.

பார்க்கும் விதம் முக்கியம். வெயிலில் நிறுத்துங்கள். மேலிமையைக் கட்டைவிரலால் மெல்ல உள்ளே அழுத்தி, கீழிமையைக் கீழே இழுத்தால் உள்சவ்வு பிதுங்கும். ஓரிரு நொடிக்குள் அட்டையோடு ஒப்பிட்டுவிட வேண்டும். விடாமல் பிடித்திருந்தால் ரத்தம் ஏறிச் சிவந்து ஏமாற்றும். தூசியில் உறுத்தியிருக்கும் கண்ணும் ஏமாற்றும்.

இது ரத்தம் குடிக்கும் புழுவுக்கு மட்டும்தான் உதவும். முறுக்குப் புழு, அதாவது ஹீமான்கஸ், ஒன்று ஒரு நாளில் 0.05 மில்லி ரத்தம் எடுக்கும். ஆயிரம் புழு இருந்தால் நாளொன்றுக்கு 50 மில்லி. 25 கிலோ ஆட்டின் உடலில் ஓடுவதே இரண்டு லிட்டருக்குள்தான். பெண் புழு ஒன்று நாளுக்கு ஐயாயிரம் முட்டைக்குக் குறையாமல் இடும். மழை ஈரம் கிடைத்ததும் குஞ்சுகள் புல் நுனிக்கு ஏறிவிடும். ஐப்பசி முடிந்து கார்த்திகையில் உங்கள் ஆடு சாய்வதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். தாடை நீர், ரத்தத்தில் புரதம் குறைந்ததால். குனிந்தே மேய்வதால் மாலையில் இறங்கி நிற்கிறது.

கரிசல்காடு | டிசம்பர் 6, இரவு 7.10

நேற்றும் இன்றும் ஓய்வில்லை. முதலில் ஆடு. 25 ஆட்டையும் வெயிலில் நிறுத்திக் கண் பார்த்தோம். ஐந்தாம் படியில் 2, நான்கில் 4, மூன்றில் 5, மீதி 14 சிவப்பு. மருத்துவர் புழுக்கையை உப்புக் கரைசலில் கலக்கி, கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் வைத்து எண்ணினார். தாடை தொங்கிய ஆட்டில் ஒரு கிராமுக்கு 4,200 முட்டை. அல்பெண்டசோல் கொடுத்திருக்கிறார், சினை தொடங்கியவற்றுக்கு மட்டும் வேறு மருந்து.

எனக்கு ஒரு சந்தேகம். எல்லா ஆட்டுக்கும் கொடுத்துவிடலாமே என்றேன், 11க்கு மட்டும் போதும் என்கிறார். மிச்சம் பிடிக்கிறாரா?

வேப்பேரி மாணவி | டிசம்பர் 6, இரவு 8.30

மிச்சம் பிடிக்கவில்லை அண்ணா, மருந்தைக் காப்பாற்றுகிறார். ஒரு மந்தையில் பெரும்பாலான புழு நாலில் ஒரு பங்கு ஆடுகளிடம்தான் குவிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் மாதாமாதம் ஊற்றினால் மருந்துக்குச் சாகாத புழு மட்டும் மிஞ்சி, மேய்ச்சல் நிலம் முழுக்க அதன் வம்சமாகிவிடும். மருந்து படாத 14 ஆட்டின் புழு, அந்த முரட்டு வம்சத்தோடு கலந்து அதன் வீரியத்தைக் குறைக்கும். விசித்திரமாகத் தோன்றும், ஆனால் அதுதான் வழி.

14 நாள் கழித்து அதே ஆட்டின் புழுக்கையை மறுபடி எண்ணச் சொல்லுங்கள். முட்டை 95 சதவீதமாவது குறைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அந்த மருந்து உங்கள் பட்டியில் செல்லாக்காசு. அதற்குள் கடையில் நீங்களாகக் குளோசான்டெல் வாங்கி ஊற்றிவிடாதீர்கள். ரத்தம் குடிக்கும் புழுவுக்கு நல்ல மருந்து, அளவு மீறினால் ஆட்டின் பார்வையே போய்விடும்.

தோட்டத்துவீடு | டிசம்பர் 6, இரவு 9.20

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பவானிப் பக்கம் எனக்கு 40 ஆடு. இரண்டு மாதத்தில் நான்கு ஆடு குறைமாதத்தில் குட்டி வீசிவிட்டது. நஞ்சுக்கொடியை நாய் தின்றுவிட்டது. இதற்கும் ரத்தம் எடுத்துப் பார்க்க முடியுமா? நாய்க்கும் பார்க்க வேண்டுமா?

பழைய நுண்ணோக்கி | டிசம்பர் 6, இரவு 10.05

இரண்டுக்கும் பாருங்கள். புரூசெல்லா என்ற கிருமியாக இருக்கலாம், அது மனிதருக்கும் தொற்றும். அதற்கு முன் உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் கையால் நஞ்சுக்கொடியைத் தொட்டிருந்தால், காய்ச்சாத பால் குடித்திருந்தால், விட்டுவிட்டுக் காய்ச்சலும் மூட்டு வலியும் வந்தால், மருத்துவரிடம் "ஆடு குட்டி வீசியது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இதில் ஆட்டு ரத்தம்தான் ஒரு பெரிய புதிரை அவிழ்த்தது. மால்டா தீவில் ஆங்கிலேயப் படைவீரர்கள் கூட்டம் கூட்டமாகக் காய்ச்சலில் விழுந்தார்கள். 1887இல் படை மருத்துவர் டேவிட் புரூஸ் கிருமியைக் கண்டுவிட்டார். எங்கிருந்து வருகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. 1905இல் தெமிஸ்டோக்ளிஸ் ஸாமிட் என்ற மால்டா மருத்துவர் உள்ளூர் வெள்ளாடுகளின் ரத்தத்தைச் சோதித்தார். பார்க்க எந்த நோயும் இல்லாத ஆடுகள். ஏறத்தாழப் பாதியின் ரத்தம் கிருமியைத் திரளவைத்தது, பத்தில் ஒன்று பாலிலேயே கிருமியை வெளியேற்றிக்கொண்டிருந்தது. மறு ஆண்டு படைமுகாமில் ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள், காய்ச்சல் சரிந்தது. வாசலில் கறந்து கொடுத்த பால் என்பதால் யாருக்கும் அதுவரை சந்தேகமே வரவில்லை.

இன்றும் அடிப்படை அதே திரளல்தான். ரோஸ் பெங்கால் சோதனையில் ஒரு சொட்டு ஊனீர் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்), ஒரு சொட்டு இளஞ்சிவப்புக் கரைசல். கலந்து, மெல்ல ஆட்டியபடி நான்கு நிமிடம் பார்ப்போம், ரவை போலத் திரிந்தால் ஆம் என்று பொருள். ஆட்டுக்கு ஊனீரை மூன்று பங்காகக் கூட்டிவைத்தால் தப்பிப்போவது குறையும்.

வேப்பேரி மாணவி | டிசம்பர் 6, இரவு 10.40

அய்யா சொன்னதோடு ஒரு எச்சரிக்கை. நாய்க்கு ரோஸ் பெங்காலில் "இல்லை" என்று வந்தால் நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். ஆட்டின் நஞ்சுக்கொடியிலிருந்து நாய்க்குத் தொற்றியிருந்தால் அந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும். ஆனால் நாய்க்கென்றே புரூசெல்லா கேனிஸ் என்று ஒன்று உண்டு; 1966இல் அமெரிக்காவில் பீகிள் நாய்கள் குட்டி வீசியபோது கார்மைக்கேல் கண்டறிந்தது. அதன் மேலுறை வேறு மாதிரி என்பதால் ரோஸ் பெங்கால் அதைக் கண்டுகொள்ளவே கொள்ளாது. தனிச் சோதனை கேட்க வேண்டும். எந்த ஆய்வகத்தில் கொடுத்தாலும் "எந்த விலங்கு, எதற்காக" என்பதைச் சீட்டில் எழுதுங்கள்.

ஆடு குட்டி வீச வேறு கிருமிகளும் காரணமாகலாம். நான்கு ஆட்டின் ஊனீரோடு, வீசிய குட்டி கிடைத்தால் அதையும் கையுறை போட்டு, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து எடுத்துப் போங்கள்.

தோட்டத்துவீடு | டிசம்பர் 6, இரவு 10.55

நன்றி டாக்டர் அம்மா. என் மனைவிக்குப் பத்து நாளாகச் சாயங்காலக் காய்ச்சல். நாளை காலை முதல் வேலை அதுதான்.

மேய்ச்சல் | டிசம்பர் 7, காலை 6.15

கரிசல்காடு அண்ணா, மணி என்ன ஆனான்? ஆட்டுக் கதையில் நாயை மறந்துவிட்டோம்.

கரிசல்காடு | டிசம்பர் 7, காலை 7.30

மறக்கவில்லை, அதைத் தனியாக எழுதலாம் என்றிருந்தேன்.

காது நுனியை மழித்து, துடைத்து, ஊசியால் ஒரு குத்து. முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதைக் கண்ணாடியில் வைத்து, இன்னொரு கண்ணாடியின் ஓரத்தால் ஒரே இழுப்பு. தோசைக்கல்லில் எண்ணெய் தேய்த்த மாதிரி மெல்லிசாகப் பரவியது. சாயம் போட்டுக் காய்ந்ததும் என்னையும் பார்க்கச் சொன்னார். வட்டம் வட்டமாக இளஞ்சிவப்பு. சிலவற்றுக்குள் ஊதாப் புள்ளியோடு மோதிரம் மாதிரிச் சின்னதாக ஏதோ ஒன்று. ஒரே வட்டத்துக்குள் இரண்டு மோதிரம்கூட இருந்தது. தட்டணுவும் உண்மையிலேயே குறைவுதான், திரளவில்லை என்றார்.

பெபிசியா கிப்சோனி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார், சிவப்பணுவுக்குள் வாழும் ஒட்டுண்ணியாம். எர்லிக்கியாவும் கூடவே இருக்கக்கூடும் என்று அதற்கும் சேர்த்து மருந்து தொடங்கியிருக்கிறார்.

பழைய நுண்ணோக்கி | டிசம்பர் 7, காலை 9.00

கிப்சோனி! இது நம் ஊர்ச் சொத்து, தெரியுமா? 1910இல் பேட்டன் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் இதை உலகுக்கு முதன்முதலாக அறிவித்ததே மதராஸ் வேட்டைக் கழகத்தின் நாய்களின் ரத்தத்திலிருந்துதான். பிறகு நரியின் ரத்தத்திலும் பார்த்தார். துரைமார்கள் நரி வேட்டைக்கென்று வளர்த்த நாய்கள். நாய்க்கும் நரிக்கும் ஒரே உண்ணி, ஒரே கிருமி.

பெரிய பெபிசியாவாக இருந்தால் பேரிக்காய் வடிவில் இணையாக நிற்கும், டிமினசின் ஊசியில் அடங்கும். இந்தச் சின்ன மோதிரம் அதற்குச் சரியாக மசியாது. டாக்சிசைக்ளினை மட்டும் 28 நாள் கொடுத்திருந்தால் மணி அந்த 28ஆம் நாளைப் பார்த்திருப்பானா என்பது சந்தேகம். யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன்.

உண்ணிப்பகை | டிசம்பர் 7, காலை 9.40

குத்து வாங்கிக்கொண்டேன் அய்யா. ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். இரண்டு வருடம் முன்பு என் ராஜபாளையம் ஒன்று இதே மாதிரி டாக்சிசைக்ளின் கேட்காமல் போனது. சிறுநீர் இதே நிறம்தான். அப்போது மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டை போட்டேன். ஸ்லைடு பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா?

பழைய நுண்ணோக்கி | டிசம்பர் 7, காலை 10.10

தெரிந்திருக்கலாம். நிச்சயம் என்று சொல்ல மாட்டேன். நாள்பட்ட நாயில் ஒட்டுண்ணி மிகக் குறைவாக இருக்கும், அப்போது ஸ்லைடும் கைவிடும், மரபணுச் சோதனைதான் பிடிக்கும். விடுங்கள் தம்பி. என் மேசையிலும் தவறவிட்டவை உண்டு.

வேப்பேரி மாணவி | டிசம்பர் 7, நண்பகல் 1.00

இந்த வகைக்கு அட்டோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்துப் பத்து நாள் கொடுப்பதுதான் பலமான சிகிச்சை. கொழுப்புள்ள உணவோடு கொடுத்தால்தான் அட்டோவாகுவோன் உடலில் சேரும். விலை அதிகம், கிடைப்பதும் கடினம். அதனால் கிளிண்டாமைசின், டாக்சிசைக்ளின், மெட்ரோனிடசோல் கூட்டையும் பலர் கொடுக்கிறார்கள். ஹீமோகுளோபின் இன்னும் இறங்கினால் ரத்தம் ஏற்ற வேண்டிவரும். நாய்க்கு முதல் முறை ஏற்றும்போது பெரும்பாலும் ஒவ்வாமை வராது, ஆனாலும் பொருத்தம் பார்த்துவிடுவது நல்லது. பட்டிச் சுவரின் விரிசலையும் பாருங்கள் அண்ணா. நாய் உண்ணி சுவரேறிப் பிளவில்தான் முட்டை இடும், மணியின் மேல் மட்டும் மருந்து தெளித்துப் பயனில்லை.

கரிசல்காடு | டிசம்பர் 22, மாலை 6.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். ஐந்தாம் படியில் இருந்த இரண்டில் ஒன்று செத்துவிட்டது. இந்த முறை திறந்து பார்த்தேன், மேய்ச்சல் தம்பி சொன்ன அதே முறுக்கு நூல், கைப்பிடி அளவு. மற்ற ஆடுகளுக்குத் தாடை வடிந்துவிட்டது.

20ஆம் தேதி புழுக்கையை மறுபடி எண்ணினார்கள். 4,200 இருந்த ஆட்டில் 1,900. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் குறைந்திருக்கிறது. என் பட்டியில் அல்பெண்டசோல் ஓய்ந்துவிட்டது என்று சொல்லி, ஒவ்வோர் ஆட்டையும் எடை போட்டு வேறு வகை மருந்து கொடுத்தார். நான் வருடத்துக்கு ஆறு முறை எல்லாவற்றுக்கும் குத்துமதிப்பாக ஊற்றியவன், யாரை நோவது.

மணி சாப்பிடுகிறான். தட்டணு 1 லட்சத்து 60 ஆயிரம், ஹீமோகுளோபின் 9.8. நேற்று ஒரு முயலைத் துரத்திப் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். சுவர் விரிசலைச் சிமெண்டு பூசி அடைத்துவிட்டேன். ஸ்லைடை மருத்துவர் என்னிடமே கொடுத்துவிட்டார், அலமாரியில் கிடக்கிறது. கழுவி வைக்கலாமா?

பழைய நுண்ணோக்கி | டிசம்பர் 22, மாலை 6.25

கழுவாதீர்கள்! நுண்ணோக்கியில் பார்ப்பதற்காக மேலே விட்ட எண்ணெயை மட்டும் மெல்லிய தாளால் ஒற்றி எடுத்து, வெயில் படாமல் காகிதத்தில் சுற்றி வையுங்கள். தனிச்செய்தியில் முகவரி தருகிறேன், அனுப்புங்கள். ஒரே வட்டத்துக்குள் இரண்டு மோதிரம் என்றீர்களே, அதை நான் பார்க்க வேண்டும்.